அக்காவுக்கு ஒரு தொன்னை

மனைவியை ஏமாற்றிவிடலாம். மனைவியின் காலண்டரை மட்டும் ஏமாற்றவே முடியாது.

"26-ம் தேதி ஞாயித்துக்கிழமை திருக்கார்த்திகை. அன்னிக்கு வீட்டுல விளக்கேத்தாம நான் எங்கேயும் வர்றதா இல்லை!" என்று என் சகதர்மிணி சொன்னபோது, பையன் டிக்கெட் போட்டு முடித்திருந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் ஒரு நல்ல குணம். கேட்டுவிட்டு டிக்கெட் போட மாட்டார்கள், போட்டுவிட்டுத்தான் கேட்பார்கள். 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து அறிவித்தது. அதைப் படித்த கையோடு பட்டனைத் தட்டிவிட்டான்.

"அங்கேயும் அதே பௌர்ணமிக்கு விளக்குப் பண்டிகைதாம்மா. ஆத்துல விளக்கு, வானத்துல விளக்கு, வாசல்ல விளக்கு. நீ எங்கே ஏத்தினா என்ன?"

அவள் யோசித்தாள். மறுநாள் பார்க்கிறேன், சூட்கேஸில் ஆறு அகல் விளக்கு, ஒரு கட்டு திரி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய், ஒரு டப்பா பொரி உருண்டை. என் சட்டைகளுக்கு மட்டும் இடமில்லை. பாங்காக் விமான நிலையத்தில் யாராவது அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு "இது என்ன?" என்று கேட்டால் எப்படி விளக்குவது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நல்ல வேளை, ஒருவரும் சீண்டவில்லை.

நாங்கள் போன ஊர் சியாங் மாய். வட தாய்லாந்து. 'புது நகரம்' என்று அர்த்தமாம். மங்ராய் என்ற ராஜா 1296-ல் கட்டினார். எழுநூறு வருஷம் தாண்டியும் புது நகரம்தான்! எங்கள் பேட்டையில் 'நியூ காலனி' அறுபது வருஷமாக நியூ காலனியாகவே இருப்பதைப் பார்த்தவன் நான். ஆச்சரியப்படவில்லை.

சதுரமான பழைய நகரம், சுற்றிலும் அகழி. கொஞ்சம் கிழக்கே நடந்தால் பிங் ஆறு. ஆற்றுக்குப் பக்கத்துச் சந்தில், ஆறு அறைகள் கொண்ட ஒரு விடுதியில் தங்கினோம். அதன் சொந்தக்காரம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். எல்லோரும் அவரை 'பா' என்று கூப்பிட்டார்கள். பெரியம்மா, பெரிய அத்தை போன்ற உறவுக்கு அவர்கள் பாஷையில் 'பா'. அம்மாவுக்கு 'மே'. ஆற்றுக்கு என்ன தெரியுமோ? 'மே நாம்'. நாம் என்றால் தண்ணீர். 'தண்ணீர் அம்மா'! காவேரியை அம்மா என்று கும்பிட்டு வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டதும் ஊர் பிடித்துப்போய்விட்டது.

வாசலுக்கு வாசல் வாழைமரம், கரும்பு, தென்னங்கீற்றுத் தோரணம்.

"ஏங்க, எல்லா வீட்டுலயும் கல்யாணமா?" என்றாள் என் மனைவி.

பாட்டியம்மா (நான் அவரை அப்படித்தான் மனசுக்குள் கூப்பிட்டேன்) கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் கைஜாடை, மிச்சத்துக்கு செல்போன் மொழிபெயர்ப்பு என்று விளக்கினார். அது காட்டு வாசலாம். புத்தர் தம் முற்பிறவி ஒன்றில் வெஸ்ஸந்தரர் என்ற இளவரசராகப் பிறந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் தானம் செய்தார். பட்டத்து யானையைக் கொடுத்தார், பெற்ற பிள்ளைகளைக் கொடுத்தார், கடைசியில் மனைவியையும் கொடுத்தார். காட்டுக்குப் போன அவர் நகரத்துக்குத் திரும்பி வந்ததைக் கொண்டாடத்தான் இந்தத் தோரண வாசல்.

"பெண்டாட்டியையே தானமா?" என்று இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அவ்வளவு பெரிய தியாகி இல்லை" என்றேன்.

இந்தப் பண்டிகைக்கு அங்கே இரண்டு பெயர். நாடு முழுக்க 'லோய் கிரதோங்'. வடக்கே அதோடு சேர்ந்து 'யீ பெங்'. யீ என்றால் இரண்டு, பெங் என்றால் பௌர்ணமி. பாங்காக்கில் பன்னிரண்டாம் மாதம் என்று எண்ணுவதை, பழைய லான்னா ராஜ்யத்துக் கணக்கில் இங்கே இரண்டாம் மாதம் என்பார்கள். ஒரே நிலா, இரண்டு பஞ்சாங்கம். நம் ஊரில் வாக்கியமும் திருக்கணிதமும் மோதிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் இல்லை.

26-ம் தேதி சாயங்காலம். சந்து முழுக்க மதில் ஓரங்களில் குட்டிக் குட்டி மண் விளக்குகள். 'பாங் பிரதீப்' என்றார் பாட்டியம்மா. பிரதீப்! நம் பிரதீபம்தான், விமானம் இல்லாத காலத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டிருக்கிறது. இவள் தன் ஆறு அகல்களையும் அந்த வரிசையிலேயே வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றினாள். எது நங்கநல்லூர் விளக்கு, எது சியாங் மாய் விளக்கு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பொரி உருண்டையைக் கடித்த பாட்டியம்மா, பல் செட்டைப் பிடித்துக்கொண்டு, "வெரி குட், வெரி ஹார்ட்" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் என் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"உங்க அக்காவுக்குக் கார்த்திகைச் சீர் அனுப்பினீங்களா?"

அனுப்பவில்லை. கிளம்புகிற அவசரத்தில் மறந்தே போனேன்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். எனக்கு அவள் ஒருத்தி, அவளுக்கு நான் ஒருத்தன். திருவையாற்றில் எங்கள் அம்மா படுத்த படுக்கையாக இருந்த நாலு வருஷம், அக்காதான் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து கூடவே இருந்து பார்த்தாள். நான் பேங்க் மானேஜர். மாசம் ஒரு தரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே கிளம்புகிறவன்.

அம்மா 2016 தொடக்கத்தில் போய்விட்டாள். ஆறு மாசத்தில் வீட்டுக்கு நல்ல விலை வந்தது. விற்றுவிடலாம் என்றேன். "வருஷ திவசம் முடியட்டும்டா. அதுவரைக்கும் அம்மா இருந்த வீட்டுல விளக்கு எரியட்டும்" என்றாள் அக்கா. வாங்குகிறவர் அவசரப்படுத்தினார். எனக்குக் கோபம். சொல்லிவிட்டேன்.

"நாலு வருஷம் வாடகை இல்லாம இருந்தியே, அது போதாதா?"

அக்கா ஒன்றும் பேசவில்லை. நான் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அம்மாவின் குத்துவிளக்கை மட்டும் ஒரு பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதன்பிறகு ஏழு வருஷம் பேச்சு இல்லை. பையன் கல்யாணத்துக்கும் வரவில்லை. "என்ன திமிர் பார்த்தியா!" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனாலும் கார்த்திகைக்கு ஆயிரத்தொரு ரூபாய் தவறாமல் ஆன்லைனில் அனுப்புவேன். 'பணம் வரவு வைக்கப்பட்டது' என்று பேங்க் செய்தி வரும். அண்ணன் தம்பி கடமை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.

"நாளைக்கு அனுப்பிக்கலாம்" என்று பேச்சை மாற்றினேன்.

மறுநாள் 27-ம் தேதி, திங்கட்கிழமை. லோய் கிரதோங். காலையிலேயே பாட்டியம்மா முற்றத்தில் வாழைத்தண்டும் இலையுமாகக் கடை பரப்பி உட்கார்ந்திருந்தார். வாழை மரத்தண்டை ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக, இரண்டு விரல் கனத்துக்கு வெட்டிக்கொள்கிறார்கள். அதுதான் மிதவை. வாழை இலையைக் கிழித்து முக்கோணம் முக்கோணமாக மடித்து, சுற்றிலும் குச்சியால் குத்தினால் தாமரை மாதிரி விரிகிறது. நடுவில் செவ்வந்தி, ஒரு மெழுகுவர்த்தி, மூன்று ஊதுவத்தி. அவ்வளவுதான் கிரதோங். வேறொன்றுமில்லை, நம் ஊர்த் தொன்னை! கொஞ்சம் அலங்காரம் பண்ணிக்கொண்ட தொன்னை.

சுகோதாய் ராஜசபையில் நோப்பமாஸ் என்ற அழகிதான் முதன்முதலில் இதைச் செய்தாள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். சரித்திரக்காரர்கள் அதை நம்புவதில்லை. அந்தப் புத்தகமே பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது என்கிறார்கள். ஆனாலும் ஊருக்கு ஊர் நோப்பமாஸ் அழகிப் போட்டி மட்டும் ஜோராக நடக்கிறது.

நான் செய்த தொன்னை ஒரு பக்கம் சாய்ந்து, லாரி மோதின ஆட்டோ மாதிரி இருந்தது. கடைத்தெருவில் நாற்பது பாத்துக்கு அழகழகாகக் கிடைக்கிறது. ரொட்டியில் செய்ததுகூட இருக்கிறது, மீன் தின்னட்டும் என்று. முன்பெல்லாம் தெர்மோகோலில் செய்து ஆற்றையே அடைத்து வைத்தார்களாம். இப்போது பெரும்பாலும் இலையும் தண்டும்தான். பாங்காக் மாநகராட்சி அந்த 2023 பண்டிகைக்கு மறுநாள் வாரி எடுத்த கிரதோங் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் என்று பிறகு படித்தேன். பக்தி ராத்திரிக்கு, குப்பை காலைக்கு. இதில் உலகமே ஒன்று.

"இப்ப நகம், முடி" என்றார் பாட்டியம்மா.

தொன்னையில் கொஞ்சம் நகமும் முடியும் வெட்டி வைத்து, ஒரு காசும் போட்டு விட்டால், பீடை அதோடு போய்விடுமாம். நகம் சரி. முடிக்கு நான் எங்கே போவேன்? அவர் என் தலையை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டு, "நகம் போதும்" என்று சலுகை கொடுத்தார்.

சாயங்காலம் பையன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஊருக்கு வெளியே மைதானத்தில் ஆயிரக்கணக்கான காகித விளக்குகளை ஒரே நேரத்தில் வானத்தில் விடுகிறார்கள். 'கோம் லாய்' என்று பெயர். "ஆளுக்கு நாலாயிரம் பாத்துக்கு மேலேப்பா."

என் மனைவியின் கணக்கு கால்குலேட்டரைவிட வேகம். "அப்ப கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாயா? ஒரு காகிதத்தைக் கொளுத்தி விடவா?" டிக்கெட் விவகாரம் அத்தோடு முடிந்தது.

பாட்டியம்மாவுக்கும் அதில் அவ்வளவு பிரியமில்லை. கூரையைக் காட்டினார். ரப்பர் குழாய் ஒன்று தயாராகத் தொங்கியது. கீழே வாளி வாளியாகத் தண்ணீர். மேலே போனது எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்? எரிந்துகொண்டே கூரையிலோ மின்கம்பியிலோ இறங்கினால்? விமான நிலையம் ஊரை ஒட்டியே இருப்பதால், இந்த நாட்களில் ராத்திரி விமானங்கள் சிலவற்றை ரத்து செய்கிறார்கள், நேரம் மாற்றுகிறார்கள். கண்ட இடத்தில் கண்ட நேரத்தில் விடக் கூடாது என்று உத்தரவு.

"வானத்துக்கு விடறது அழகு. தண்ணிக்கு விடறதுதான் பூஜை" என்றது அவர் செல்போன், பொம்மைக் குரலில்.

இருட்டினதும் படித்துறைக்குப் போனோம். எள் போட்டால் விழாத கூட்டம். ஒலிபெருக்கியில் பண்டிகைப் பாட்டு ஒன்று திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. ஆறு முழுக்க வெளிச்சப் பொட்டுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, மெதுவாகத் தெற்கே. பிங் ஆறு தெற்கே போய், நக்கோன் சவானில் நான் ஆற்றோடு கூடி, சாவோ ப்ரயா என்று பெயர் மாறி பாங்காக் போகிறது. "நம்ம தொன்னை பாங்காக் போகுமா?" என்று கேட்டேன். "நடுவுல அணை இருக்குப்பா. 1964-ல கட்டினது. பேரு பூமிபோல்" என்றான் பையன். எந்த ஆற்றுக்குத்தான் நடுவில் அணை இல்லை!

மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு படியில் குனிந்தேன். கைவசம் நீளமான பட்டியல் இருந்தது. மருமகளுக்கு நல்லபடி பிரசவம் ஆக வேண்டும், என் முழங்கால் வலி போக வேண்டும், பென்ஷன் பாக்கி வர வேண்டும்... முணுமுணுக்க ஆரம்பித்தேன். பாட்டியம்மா என் தோளைத் தட்டினார்.

"அது அப்புறம். முதல்ல கோ கமா."

எனக்குப் புரியவில்லை. செல்போனை நீட்டினார். 'கோ' என்றால் கேட்பது. 'கமா' என்றால்? நம் க்ஷமாதான், பாலி பாஷை வழியாகப் போனது. மன்னிப்பு! இந்தப் பண்டிகையே வரம் கேட்கிற பண்டிகை அல்லவாம். 'ப்ர மே கோங்கா' என்று அவர்கள் சொல்லும் கங்கையம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற பண்டிகை. வருஷம் பூராவும் உன்னைக் குடித்தோம், உன்னில் குளித்தோம், உன்னிலேயே துப்பினோம், குப்பையைக் கொட்டினோம், நீ ஒன்றும் சொல்லவில்லை, பொறுத்துக்கொள் அம்மா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வேண்டுமானால் வரம் கேட்கலாம்.

தண்ணீரிடம் மன்னிப்புக் கேட்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தண்ணீர் திருப்பிப் பேசாது. கண்ணை மூடிக் கேட்டேன், தொன்னையை விட்டேன்.

போக மாட்டேன் என்றது. ஒரு சுற்றுச் சுற்றி என் காலடிக்கே திரும்பி வந்தது. தள்ளினேன். மறுபடியும் வந்தது. பக்கத்தில் எல்லோருடைய விளக்கும் ஜம்மென்று போகிறது. என்னுடையது மட்டும் வசூலுக்கு வந்தவன் மாதிரி வாசலிலேயே நிற்கிறது. 'உன்னில் குளித்தோம், உன்னைக் குடித்தோம், நீ ஒன்றும் சொல்லவில்லை...' அந்த வார்த்தைகள் காதிலேயே இருந்தன. ஒன்றும் சொல்லாமல் பொறுத்துக்கொண்ட இன்னொரு ஆள் ஞாபகம் வந்துவிட்டது. நாலு வருஷம் அம்மாவுக்கு மலம் மூத்திரம் எடுத்தவள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டவள்.

பாட்டியம்மா குனிந்தார். தொன்னையைத் தொடவில்லை. அதற்குப் பின்னால் இருந்த தண்ணீரை மட்டும் இரண்டு கையாலும் மெதுவாக அளைந்து தள்ளினார். அலை தொன்னையை எடுத்துக்கொண்டு போயிற்று.

பத்தடி போயிருக்காது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒரு பொடியன் எட்டிப் பிடித்து, காசை எடுத்துக்கொண்டு, தொன்னையை மறுபடி ஓட விட்டான். "அடப்பாவி! நம்ம காசு!" என்று பதறினாள் என் மனைவி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடிப்பெருக்குக்குத் திருவையாற்றுப் படித்துறையில் இதே வேலையைச் செய்தவன்தான் நானும். ஒரு வருஷம் அக்கா விட்ட விளக்கிலிருந்தே நாலணாவை எடுத்துவிட்டேன். அம்மா யார் எடுத்தது என்று கேட்டபோது, "ஆத்தோட போயிடுச்சும்மா" என்றாள் அக்கா. அவள் பார்த்திருந்தாள். அன்றைக்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். நகரத்துக்கு வெளியே, வடக்கு வானத்தில், ஆரஞ்சுப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தன. பத்தாயிரம் ரூபாய்க் காட்சி, ஓசியில்!

அறைக்குத் திரும்பும்போது பத்தரை. "அக்கா நம்பர் மாத்திட்டாளோ என்னவோ..." என்று இழுத்தேன்.

"மாத்தலை. அதேதான்" என்றாள் என் மனைவி, செல்போனைத் தட்டியபடி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"மாசாமாசம் பேசறேனே! நீங்கதானே பேசறதில்லை. எனக்கும் அவங்களுக்கும் என்ன சண்டை?"

ஏழு வருஷம்! ஒரே வீட்டில்! நான் வாயை மூடுவதற்குள் மணி அடிக்க ஆரம்பித்து, போன் என் கைக்கு வந்துவிட்டது.

"சொல்லும்மா..." என்றது அந்தப் பக்கம். அதே குரல். கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது.

"அக்கா... நான்தான்."

பதில் இல்லை. பின்னால் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் மட்டும் நின்றது.

"இந்த வருஷம் சீர் அனுப்பலைக்கா..."

"அதுக்கா போன் பண்ணினே? ஒரு வருஷம் அனுப்பாட்டா குடியா முழுகிடும்?"

"அதுக்கில்லை. அன்னிக்கு... வாடகைன்னு ஒரு வார்த்தை சொன்னேன். தப்பு. பெரிய தப்பு. மன்னிச்சுடுக்கா."

முப்பத்தஞ்சு வருஷ உத்தியோகத்தில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எத்தனையோ போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். வாயால் சொல்ல இவ்வளவு மூச்சு வேண்டும் என்று தெரியாது.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்தேன்.

"அங்கே இப்ப மணி என்னடா?"

"பத்தரை. உங்களைவிட ஒண்ணரை மணி முந்தி."

"நீ எல்லாத்துலயும் முந்திக்கிறவன்தான். இதுல மட்டும் ஏழு வருஷம் லேட்டு." மூக்கை உறிஞ்சும் சத்தம். "நேத்து அம்மா விளக்கைத்தான் ஏத்தினேன். நல்லா நின்னு எரிஞ்சுது... சரி, சரி, வெளிநாட்டுப் போன், காசு ஏறும். பொங்கலுக்கு அவளைக் கூட்டிக்கிட்டு வா. நாலு நாள் தங்கிட்டுப் போ..."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"வாடகை கேக்க மாட்டேன்."